திறந்தவெளி நீச்சல் குளமும் டைவிங் குளமும்: கண்ணில் படும் கோளாறிலிருந்து காரணத்துக்கு

திறந்தவெளிப் பொதுக் குளத்தின் பம்ப் அறையில் நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். 50 மீட்டர் நீச்சல் குளம், பக்கத்தில் ஆழமான டைவிங் குளம், இரண்டுக்கும் மணல் ஃபில்டர், பேலன்ஸ் டேங்க் (குளத்தின் விளிம்பில் வழியும் தண்ணீர் சேரும் தொட்டி) என்று இருக்கும் வளாகங்களில் ஒரே கோளாறுகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. தண்ணீர் கெட்டால் எல்லோருடைய கையும் முதலில் குளோரின் டிரம்மை நோக்கித்தான் போகிறது. பல வருடம் அப்படியே செய்துவிட்டுச் சொல்கிறேன்: ஓட்டத்தையும் அளவையும் பார்க்காமல் கெமிக்கலைத் தொடாதீர்கள்.

கண்ணில் படும் கோளாறை முதலில் தேடிப் பிடியுங்கள். அதன் கீழே செலவில்லாத காரணம் முதலிலும் செலவு கூடிய காரணம் கடைசியிலும் இருக்கும். தொடங்கும் முன் நான்கு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: ஃபில்டரின் பிரஷர் கேஜ் என்ன காட்டுகிறது, ஃப்ரீ குளோரின் (இன்னும் செலவழியாமல் இருக்கும் குளோரின்) எவ்வளவு, மொத்தக் குளோரின் (செலவழிந்துபோனதையும் சேர்த்து) எவ்வளவு, பிஹெச் (தண்ணீரின் அமில-காரத் தன்மை) எவ்வளவு. ஃபில்டர் சுத்தமாக இருந்த அன்று கேஜ் காட்டிய அளவை ஃபில்டர் மேலேயே பெயின்டால் எழுதி வையுங்கள். அந்த எண் தெரியாவிட்டால் கேஜ் இருந்தும் பயனில்லை.

முதலில்: உடனே ஆட்களை வெளியேற்ற வேண்டியவை

ஆழமான இடத்தின் அடியிலிருக்கும் வடிகால் கிரில் கரையிலிருந்து தெளிவாகத் தெரியவில்லை. அந்தக் கிரில் உடைந்திருக்கிறது, அல்லது ஆடுகிறது. தண்ணீரில் இருக்கும் யாருக்காவது லேசாக ஷாக் அடிப்பது போல இருக்கிறது. இடி கேட்கிறது. பம்ப் அறையிலிருந்தோ இன்லெட்டிலிருந்தோ (ஃபில்டரான தண்ணீர் குளத்துக்குள் வரும் வாய்) மூச்சை அடைக்கும் குளோரின் நெடி வருகிறது.

இவற்றில் ஒன்று இருந்தாலும் விசில் அடித்துக் குளத்தைக் காலி செய்துவிட்டுத்தான் காரணத்தைத் தேட வேண்டும். இடியென்றால் கடைசிச் சத்தத்திலிருந்து 30 நிமிடம் காத்திருங்கள். கிரில் உடைந்திருந்தால் பம்பையும் நிறுத்துங்கள். வாய் திறந்த உறிஞ்சு குழாய் ஒரு குழந்தையின் முடியையோ கையையோ பிடித்துக்கொண்டால், பிடித்து இழுத்து மீட்கப் பெரியவர்களின் பலமும் போதாது.

தினமும் காலையில் டைவிங் குளத்தின் கரையில் நின்று அந்தக் கிரிலின் கம்பிகளை எண்ணிப் பார்ப்பேன். கம்பி கம்பியாகத் தெரிந்தால் திறக்கலாம். கருப்புச் சதுரமாக மட்டும் தெரிந்தால் அன்றைக்கு எங்கோ கோளாறு ஆரம்பித்துவிட்டது. சாம்பல் நிழலாகத் தெரிந்தால் திறக்கவே கூடாது. கீழே ஒருவர் கிடந்தால் நம் கண்ணுக்குத் தெரியாது.

தண்ணீர் பால் போலக் கலங்கியிருக்கிறது, நிறம் மாறவில்லை

*கேஜ் ஏறியிருந்தால்*

ஃபில்டர் அடைத்திருக்கிறது. சுத்தமான நாளின் அளவைவிட 0.5 முதல் 0.7 பார் கூடியிருந்தால் பேக்வாஷ் செய்யுங்கள், அதாவது தண்ணீரைத் தலைகீழாக ஓட்டி மணலைக் கழுவுங்கள். பம்பை நிறுத்திய பிறகே மல்டிபோர்ட் (ஓட்டத்தின் திசையை மாற்றும் வால்வு) கைப்பிடியைத் திருப்ப வேண்டும். ஓடும்போது திருப்பினால் உள்ளேயிருக்கும் கேஸ்கெட் கிழியும். பார்வைக் கண்ணாடியில் தண்ணீர் தெளியும்வரை ஓட விடுங்கள். கடிகாரத்தைப் பார்த்து நிறுத்தாதீர்கள். அப்புறம் ஒரு நிமிடமாவது ரின்ஸ் (வழக்கமான திசையில் ஓட்டிச் சாக்கடைக்கு விடுவது) செய்துவிட்டுத்தான் ஃபில்டருக்கு மாற்ற வேண்டும். ரின்ஸை விட்டுவிட்டால் கிளறிய அழுக்கு நேராகக் குளத்துக்குள் வரும். “பேக்வாஷ் செய்த பிறகு கலங்கல் கூடிவிட்டது” என்ற புகாருக்கு இதுதான் வழக்கமான காரணம்.

*கேஜ் இறங்கியிருந்தால்*

ஃபில்டருக்குத் தண்ணீரே சரியாக வரவில்லை. பம்ப் வாயிலுள்ள வடிகூடையைத் திறந்து பாருங்கள். இலையும் முடியும் சேர்ந்து அடைத்திருக்கும். அடுத்து பேலன்ஸ் டேங்கின் நீர்மட்டம், அதன் பிறகு உறிஞ்சு வால்வு முழுதாகத் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். மூன்றும் சரியென்றால் கீழே பம்ப் பகுதிக்குப் போங்கள்.

*கேஜ் சரியாக இருந்தும் கலங்கல் என்றால்*

முதலில் பிஹெச். 7.8-க்கு மேல் போயிருந்தால் சுண்ணாம்பு பிரிந்து மிதக்கலாம். கண்ணாடி டம்ளரில் குளத்துத் தண்ணீரை எடுத்து இரண்டு சொட்டு ஆசிட் விடுங்கள். கலங்கல் கண்முன்னே தெளிந்தால் சுண்ணாம்புதான். பிஹெச்சை 7.2-க்கும் 7.6-க்கும் இடையே கொண்டுவந்தால் போதும். தெளியவில்லை என்றால் அழுக்கும் வியர்வையும் சன்ஸ்கிரீனும் சேர்ந்த கலங்கல். மொத்தக் குளோரினிலிருந்து ஃப்ரீ குளோரினைக் கழித்துப் பார்த்துவிட்டு, வாடைப் பகுதியில் சொல்லியிருப்பதைச் செய்யுங்கள்.

கால்சியம் ஹைப்போகுளோரைட் பவுடர் போட்ட சில மணி நேரத்துக்குத் தண்ணீர் வெளுத்திருப்பது சாதாரணம். அதற்காக இன்னொரு கெமிக்கலைத் தேட வேண்டாம்.

இதெல்லாம் சரியாக இருந்தும் நாள் கணக்கில் தெளியவில்லையா? மல்டிபோர்ட்டின் கேஸ்கெட் கிழிந்து தண்ணீர் ஃபில்டருக்குள் போகாமல் குறுக்கே திரும்பி வரலாம். கேஸ்கெட் சின்னப் பொருள்தான், ஆனால் வாரக்கணக்கில் கெமிக்கலைத் தின்றுவிடும். அதுவும் சரியென்றால் ஃபில்டரைத் திறந்து மணலைப் பாருங்கள். மேற்பரப்பு சமமாக இருக்க வேண்டும். குழி, விரிசல், கையில் உருளும் மண் உருண்டைகள் இருந்தால் தண்ணீர் தனக்கென்று ஒரு பாதை போட்டு ஓடுகிறது என்று அர்த்தம். மணலை மாற்ற வேண்டியிருக்கும்.

ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்: இன்லெட்டுக்குக் கீழே குளத்தின் தரையில் மணல் குவிகிறது என்றால் ஃபில்டருக்குள் இருக்கும் வடிகுழாய் உடைந்துவிட்டது. பொதுக் குளத்தின் ஃபில்டரைக் காலி செய்து அதை மாற்றுவது பழகிய ஆட்களின் வேலை.

தண்ணீர் பச்சையாகிவிட்டது

ஒரு வெள்ளை வாளியில் தண்ணீரை மொண்டு பாருங்கள். சுவரைக் கையால் தடவியும் பாருங்கள்.

*கலங்கிய பச்சை, சுவர் வழுக்குகிறது*

பாசி. பிஹெச்சை 7.2 – 7.4-க்கு இறக்குங்கள், அதிகப் பிஹெச்சில் குளோரினுக்கு வேகம் இருக்காது. சுவர், மூலை, ஏணிக்குப் பின்புறம் எல்லாவற்றையும் பிரஷால் தேயுங்கள். குளத்தை மூடிவிட்டு மாலையில் குளோரினை 10 பிபிஎம் (லிட்டருக்கு 10 மில்லிகிராம்) வரை ஏற்றி, இரவு முழுக்கப் பம்பை ஓட விடுங்கள். செத்த பாசி ஃபில்டரை அடைக்கும், ஆகவே கேஜைப் பார்த்துப் பார்த்து பேக்வாஷ் செய்ய வேண்டும். தரையில் படிந்ததை வாக்குவம் செய்யும்போது ஃபில்டர் வழியே விடாமல் நேராகச் சாக்கடைக்கு விடுங்கள். குளோரின் 3 பிபிஎம்முக்குக் கீழே இறங்கி, கிரில் தெளிவாகத் தெரிந்த பிறகே ஆட்களை விடலாம்.

*கண்ணாடி போலத் தெளிந்த பச்சை*

பாசி இல்லை, தாமிரம். தாமிரம் கலந்த பாசிக்கொல்லியை அளவுக்கு மேல் ஊற்றியிருப்பார்கள், அல்லது பிஹெச் குறைந்து ஹீட்டர் போன்ற செம்புப் பாகங்களை அரித்திருக்கும். இதற்குக் குளோரின் சேர்த்தால் நிறம் கூடத்தான் செய்யும். உலோகத்தைப் பிடித்துவைக்கும் கெமிக்கல் சேர்த்து, தண்ணீரில் ஒரு பகுதியை மாற்றுங்கள். புதுத் தண்ணீர் நிரப்பிக் குளோரின் போட்டதும் பழுப்பாக மாறினால் அது இரும்பு. வழி ஏறக்குறைய அதேதான்.

*பாசி போகிறது, பத்து நாளில் திரும்ப வருகிறது*

ஸ்டெபிலைசரை, அதாவது குளோரினை வெயிலிலிருந்து காக்கும் சயனூரிக் அமிலத்தை, அளந்து பாருங்கள். டிரைகுளோர் மாத்திரையையே நம்பி ஓடும் குளங்களில் இது சகஜம். மாத்திரை வழியே 10 பிபிஎம் குளோரின் சேரும்போது கூடவே 6 பிபிஎம் சயனூரிக் அமிலம் தங்கிவிடுகிறது. குளோரின் செலவாகும், இது செலவாகாது. வெயிலில் இருக்கும் குளத்துக்கு 30 – 50 பிபிஎம் நல்லது. 100-ஐத் தாண்டினால் டெஸ்ட்டில் குளோரின் இருப்பதாகக் காட்டும், தண்ணீரில் வேலை செய்யாது. தண்ணீரை மாற்றுவதுதான் நடைமுறை வழி.

ரியோ ஒலிம்பிக்கில் 2016 ஆகஸ்டில் டைவிங் குளம் ஒரே நாளில் பச்சையானதை உலகமே பார்த்தது. யாரோ 80 லிட்டர் ஹைட்ரஜன் பெராக்சைடை ஊற்றியிருக்கிறார்கள். அது குளோரினை முறித்துவிட்டது. மீட்டர்கள் குளோரின் இருப்பதாகவே காட்டிக்கொண்டிருந்தன என்று அமைப்பாளர்கள் சொன்னார்கள். ஆகவே இரண்டு விதமான கெமிக்கலை ஒரே குளத்தில் சோதித்துப் பார்க்காதீர்கள், மீட்டர் சொல்வதைக் கையால் செய்யும் டெஸ்ட்டோடு தினமும் ஒப்பிடுங்கள்.

“குளோரின் வாடை தாங்கவில்லை, கண் எரிகிறது”

வந்து நீந்துபவர்கள் இதைச் சொன்னதும் குளோரினைக் குறைப்பார்கள். அங்கேதான் தப்பு நடக்கிறது. அந்த வாடை வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து செலவழிந்துபோன குளோரினுடையது. நல்ல குளோரின் போதுமான அளவு இருந்தால் அவ்வளவு வாடை வராது.

முதலில் பிஹெச்சைப் பாருங்கள், 7.2-க்குக் கீழோ 7.8-க்கு மேலோ இருந்தாலே கண் எரியும். அடுத்து மொத்தக் குளோரினிலிருந்து ஃப்ரீ குளோரினைக் கழியுங்கள். வித்தியாசம் 0.4 பிபிஎம்முக்கு மேல் இருந்தால், அந்த வித்தியாசத்தைப்போல் பத்து மடங்கு குளோரினை ஒரே தடவையில், குளம் மூடிய பிறகு சேருங்கள். 0.6 என்றால் 6 பிபிஎம். பாதியளவு போட்டு நிறுத்தினால் வாடை கூடும். காலை வெயில் மீதியைப் பார்த்துக்கொள்ளும்; திறந்தவெளிக் குளத்துக்கு இருக்கும் பெரிய வசதி அது.

ஒவ்வொரு வாரமும் இதைச் செய்ய வேண்டி வந்தால் ஷவர் பக்கம் போய் நில்லுங்கள். குளிக்காமல் இறங்குபவர்களை நிறுத்தினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

குளோரின் போடப் போட நிற்கவில்லை

*டெஸ்ட்டில் சைபர் காட்டுகிறது*

முன்பு ஒரு குளத்தில் மூன்று நாள் இதோடு போராடினேன். காலையில் டெஸ்ட் செய்தால் சைபர். ஹைப்போ (திரவக் குளோரின்) ஊற்றினேன், மறுபடி சைபர். மூன்றாம் நாள் தற்செயலாக டியூபை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு டிபிடி மாத்திரையை (குளோரின் இருந்தால் தண்ணீரைச் சிவப்பாக்கும் டெஸ்ட் மாத்திரை) போட்டேன். விழுந்த இடத்தில் ஒரு நொடி கருஞ்சிவப்பாக ஒரு கீற்று ஓடியது, உடனே மறைந்து தண்ணீர் வெளுத்துவிட்டது. குளோரின் இல்லாமல் வெளுக்கவில்லை. அளவுக்கு மீறி இருந்ததால் சாயத்தையே வெளுக்க வைத்திருக்கிறது. ஒரு பங்கு குளத்துத் தண்ணீரோடு நான்கு பங்கு குளோரின் இல்லாத தண்ணீர் கலந்து பார்த்தபோது அந்தக் கலவையே நல்ல சிவப்பு காட்டியது. அன்று குழந்தைகளின் வகுப்பை நிறுத்தினேன். அதற்கு முந்தைய இரண்டு நாளும் வகுப்பு நடந்ததை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை. டெஸ்ட் சைபர் என்றால், நீர்த்துப் பார்க்காமல் ஒரு சொட்டும் ஊற்றாதீர்கள்.

*உண்மையிலேயே குறைகிறது*

பொழுது சாய்ந்ததும் ஒரு அளவு, விடிந்து வெயில் படும் முன் ஒரு அளவு எடுங்கள். இரவில் ஆளும் இல்லை, வெயிலும் இல்லை. 1 பிபிஎம்முக்கு மேல் குறைந்திருந்தால் தண்ணீருக்குள் ஏதோ அதைத் தின்கிறது: கண்ணுக்குத் தெரியாத பாசி, அல்லது அழுக்கேறிய ஃபில்டர். பேலன்ஸ் டேங்கின் சுவரையும் ஓவர்ஃப்ளோ கால்வாயையும் தடவிப் பாருங்கள்; குளத்தைத் தேய்ப்பவர்கள் இவற்றை மறந்துவிடுவார்கள்.

இரவில் நின்று பகலில் மட்டும் குறைந்தால் வெயில்தான். ஸ்டெபிலைசரே இல்லாத குளத்தில் உச்சி வெயில் இரண்டு மணி நேரத்தில் பெரும்பகுதிக் குளோரினை அழித்துவிடும். 30 பிபிஎம் ஸ்டெபிலைசர் சேர்த்தால் நிற்கும்.

*டோசிங் பம்ப் டக் டக் என்று அடிக்கிறது, குளோரின் ஏறவில்லை*

டோசிங் பம்ப் என்பது கெமிக்கலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குழாயில் செலுத்தும் சின்னப் பம்ப். அதிலிருந்து போகும் ஒளி ஊடுருவும் சின்னக் குழாயில் காற்றுக் குமிழி நிற்கிறதா பாருங்கள். ஹைப்போ தானாகவே வாயு விடும், அது பம்ப் தலையில் சிக்கிக்கொள்ளும். பம்ப் தலையிலிருக்கும் காற்றுத் திருகைத் தளர்த்திக் காற்றை வெளியேற்றுங்கள். அடுத்து, குழாயில் செலுத்தும் முனையில் வெள்ளைப் படிவம் அடைத்திருக்கும். அதைக் கழற்றிச் சுத்தத் தண்ணீரில் ஹைப்போ துளியும் இல்லாமல் அலசிய பிறகே நீர்த்த ஆசிட்டில் ஊற வைக்கலாம். ஹைப்போவும் ஆசிட்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். கால்சியம் ஹைப்போவையும் டிரைகுளோரையும் ஒரே அளவைக் குவளையால் அள்ளுவதுகூட ஆபத்து, தீப்பிடிக்கும், வெடிக்கும். இரண்டுக்கும் தனி அறை, தனிக் குவளை.

டிரம்மின் தேதியையும் பாருங்கள். வெயில் படும் இடத்தில் வைத்த திரவ ஹைப்போ சில வாரங்களில் பலம் இழந்துவிடும்.

ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்: பெரிய பம்ப் நின்ற பிறகும் டோசிங் பம்ப் ஓடுகிறது என்றால் அன்றே எலக்ட்ரீஷியனை வரச் சொல்லுங்கள். ஓட்டமில்லாத குழாயில் ஹைப்போவும் ஆசிட்டும் சேர்ந்து நிற்கும். பம்பைத் திரும்பப் போட்டதும் இன்லெட் அருகே நீந்துபவர்கள் முகத்தில் வாயு அடிக்கும். இது சரியாகும்வரை, மின்சாரம் போய் வந்தால் எல்லோரையும் வெளியேற்றிவிட்டுத்தான் பம்பைப் போட வேண்டும்.

தண்ணீர் குறைகிறது, அல்லது தண்ணீர் மீட்டர் எகிறுகிறது

ஓவர்ஃப்ளோ குளங்களில் கசிவு குளத்தில் தெரியாது. குளம் எப்போதும் விளிம்புவரை நிற்கும். பேலன்ஸ் டேங்க்தான் குறையும். டேங்கின் மிதவை வால்வு சத்தமில்லாமல் நிரப்பிக்கொண்டே இருக்கும். ஆகவே நிரப்புக் குழாயில் ஒரு மீட்டர் அவசியம். 50 × 25 மீட்டர் குளத்தில் 1 மில்லிமீட்டர் என்பது 1,250 லிட்டர். 1 சென்டிமீட்டர் போனால் 12,500 லிட்டர் போய்விட்டது.

செலவில்லாதவற்றிலிருந்து பாருங்கள். மிதவை வால்வு சிக்கி, நிரம்பிய டேங்க் சாக்கடைக்கு வழிகிறதா? ஃபில்டர் நிலையில் இருக்கும்போது பேக்வாஷ் குழாயில் தண்ணீர் ஓடுகிறதா? ஓடினால் மறுபடி அதே மல்டிபோர்ட் கேஸ்கெட்தான்.

பிறகு வாளிச் சோதனை. குளம் மூடியிருக்கும் நாளில் நிரப்புக் குழாயை மூடுங்கள். பம்பை நிறுத்தி டேங்கின் வால்வுகளையும் மூடுங்கள். வாளியில் குளத்துத் தண்ணீர் ஊற்றி, அடி தண்ணீருக்குள் இருக்கும்படி படியில் வையுங்கள். வாளிக்குள்ளும் வெளியேயும் கோடு போட்டு 24 மணி நேரம் விடுங்கள். இரண்டும் ஒரே அளவு இறங்கினால் ஆவியாதல். குளம் அதிகம் இறங்கினால் கசிவு. டேங்கிலும் தனியாக ஒரு கோடு போடுங்கள்.

பம்ப் ஓடும்போது மட்டும் கசிவு கூடினால் ஃபில்டரிலிருந்து குளத்துக்கு வரும் குழாயைச் சந்தேகியுங்கள். நிறுத்தினாலும் அதே வேகம் என்றால் தொட்டியில்தான்: விளக்குக் குழி, இன்லெட்டைச் சுற்றிய பூச்சு, விரிவு இணைப்பு, அடி வடிகால். அந்த இடங்களின் அருகே ஒரு சிரிஞ்சால் சாயத்தை மெல்ல விடுங்கள், ஓட்டை இருந்தால் சாயம் கோடு பிடித்து உள்ளே போகும்.

ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்: குழாயை அழுத்தச் சோதனை செய்வது, டைவிங் குளத்தின் அடியில் மூழ்கிப் பார்ப்பது. முக்கியமாக ஒன்று: ஓட்டையைப் பார்ப்பதற்காக டைவிங் குளத்தைக் காலி செய்துவிடாதீர்கள். நிலத்தடி நீர் உயர்ந்திருக்கும் காலத்தில் காலித் தொட்டி படகு போல மேலே தூக்கப்பட்டு விரிசல் விடும். ஆழம் கூடக்கூட அந்த ஆபத்தும் கூடும். கட்டுமானப் பொறியாளர் பார்த்துச் சொன்ன பிறகே காலி செய்ய வேண்டும்.

பம்ப்: குமிழி, சத்தம், டிரிப்

இன்லெட்டில் குமிழி வந்தால் உறிஞ்சும் பக்கம் காற்று நுழைகிறது. வடிகூடை மூடியின் ஓ-ரிங்கைத் துடைத்து, சிலிக்கான் கிரீஸ் தடவி மாட்டிப் பாருங்கள். பேலன்ஸ் டேங்கில் தண்ணீர் குறைந்து சுழி விழுகிறதா என்றும் பாருங்கள்.

பம்புக்குள் கூழாங்கல் உருளும் சத்தம் என்றால் தண்ணீர் போதாமல் தவிக்கிறது. உறிஞ்சும் பக்கத்து அடைப்பைத் தேடுங்கள். கீச்சென்ற சத்தம் பேரிங்குடையது. அது நாளுக்கு நாள் ஏறினால் மோட்டார் எரிவதற்கு முன் மாற்றிவிடுங்கள்.

இஎல்சிபி (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கர்) டிரிப் ஆனால் ஒரு தடவைகூட “போட்டுப் பார்ப்போம்” என்று போடாதீர்கள். தண்ணீருக்குள் விளக்கு இருக்கிறது, தண்ணீரில் ஆள் இருக்கிறார்கள். குளத்தைக் காலி செய்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

குளத்தில் மலம்

திடமாக இருந்தால் எல்லோரையும் வெளியேற்றி, வலையால் அள்ளுங்கள். வாக்குவம் போடாதீர்கள். பிஹெச் 7.5 அல்லது அதற்குக் கீழே, ஃப்ரீ குளோரின் 2 பிபிஎம் இருக்க 30 நிமிடம் காத்திருங்கள். ஸ்டெபிலைசர் இருக்கும் குளத்தில் இந்த நேரத்தை இரட்டிப்பாக்குங்கள். வயிற்றுப்போக்கு என்றால் கதையே வேறு. வயிற்றுப்போக்கைப் பரப்பும் கிரிப்டோஸ்போரிடியம் என்ற கிருமி சாதாரண அளவுக் குளோரினில் நாள் கணக்கில் உயிரோடிருக்கும். ஸ்டெபிலைசர் இல்லாத குளத்தில் 20 பிபிஎம் அளவில் 12.75 மணி நேரம் வேண்டும். இருந்தால் இன்னும் அதிகம். அன்று குளத்தை மூடிவிட்டுச் சுகாதாரத் துறையிடம் கேளுங்கள்.

டைவிங் பலகை சத்தம் போடுகிறது, வழுக்குகிறது

ஸ்பிரிங்போர்டு 4.88 மீட்டர் நீளமும் 50 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட அலுமினியப் பலகை. யாரும் இல்லாதபோது நுனியைக் கையால் தூக்கி மெல்ல விடுங்கள். சத்தம் பின்பக்கக் கீலிலிருந்து வந்தால் போல்ட்டை இறுக்கிப் பாருங்கள், போகாவிட்டால் கீலின் புஷ் தேய்ந்திருக்கிறது. நடுவிலிருந்து வந்தால் பலகையை அடியில் தாங்கும் ஃபல்க்ரம் உருளையின் ரப்பரைப் பாருங்கள். உருளை காலால் தள்ளினால் நகர வேண்டும். முரண்டு பிடித்தால் தண்டவாளத்தில் மணலும் உப்பும் சேர்ந்திருக்கும், கழுவினால் போதும்.

வழுக்கினால் முதலில் மிதமான சோப்புத் தண்ணீரும் மென்மையான பிரஷும் போட்டுத் தேயுங்கள். சன்ஸ்கிரீன் எண்ணெய்தான் பெரும்பாலும் காரணம். சொரசொரப்பே தேய்ந்துபோயிருந்தால் பெயின்ட் அடித்துச் சமாளிக்காதீர்கள். தயாரிப்பாளரிடம் அனுப்பி மேற்பூச்சு போட வேண்டும்.

மாதம் ஒருமுறை பலகைக்கு அடியில் டார்ச் அடித்து, ஃபல்க்ரம் உரசும் இடத்தை விரலால் தடவிப் பாருங்கள். முடியளவு விரிசல் தெரிந்தாலும் அன்றே பலகையைக் கழற்றிவிடுங்கள். வெல்டிங் வேண்டாம், வெப்பம் பட்ட அலுமினியம் பலம் இழக்கும்.

மேடையிலிருந்து தண்ணீர் தெரியவில்லை

டைவர்கள் இப்படிச் சொன்னால் தண்ணீர் கலங்கலாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. காற்றில்லாத நாளில் தெளிந்த தண்ணீரின் மேற்பரப்பு மேலிருந்து கண்ணுக்கே புலப்படாது. 10 மீட்டரிலிருந்து குதிப்பவர் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் தண்ணீரைத் தொடும்போது, எங்கே தொடுகிறோம் என்று தெரியாமல் விழுந்தால் முதுகும் தோளும் அடிபடும். அதற்காகத்தான் மேற்பரப்பைக் கலைக்கும் தண்ணீர்த் தூவி இருக்கிறது.

தூவி வேலை செய்யாவிட்டால் முதலில் அதன் வால்வு திறந்திருக்கிறதா பாருங்கள். அடுத்து முனைகளைக் கழற்றி உப்புப் படிவத்தை நீக்குங்கள். மூன்றாவதாக, அதற்குத் தனிப் பம்ப் இருந்தால் அதன் வடிகூடை. பயிற்சிக்கு நேரமாகிவிட்டால் கரையிலிருந்து ஒரு ஹோஸ் பைப்பை மேற்பரப்பில் அடித்துக்கொண்டிருக்கலாம். அதற்கும் வழியில்லை என்றால் 5, 7.5, 10 மீட்டர் மேடைகளின் படிக்கட்டில் சங்கிலியைப் போட்டுவிடுங்கள். பயிற்சியாளர் வந்து கேட்டால் அவரையே மேலே ஏறிப் பார்க்கச் சொல்லுங்கள்.